வேலி முதலா, அரசு முதலா?

1637இல் லண்டனில் 20 ஷில்லிங்குக்காக ஒரு வழக்கு நடந்தது. பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ஜான் ஹாம்ப்டன், ஸ்டோக் மாண்டவில்லில் இருந்த தன் நிலத்துக்கு வந்த 'கப்பல் வரி'யைக் கட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டார். கட்ட முடியாத ஆள் இல்லை, பெரிய நிலக்கிழார். கடல் வழியாக ஆபத்து வரும் காலத்தில் கடற்கரை ஊர்களிடம் வாங்கிவந்த பழைய வரி அது. அப்போது அரசர் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டுகொண்டிருந்தார். நாடாளுமன்றம் இல்லாமல் புது வரி போட முடியாது. பணமோ வேண்டும். அதனால் கடலைக் கண்ணால் பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும், போரே இல்லாத நாளில், அந்தப் பழைய வரியை நீட்டினார்.

12 நீதிபதிகள் கேட்டார்கள். 7 பேர் அரசர் பக்கம் சாய்ந்தார்கள், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். 1638இல் ஹாம்ப்டன் தோற்றார். ஆனால் வழக்கு கிளப்பிவிட்ட கேள்வி அடங்கவில்லை. 1642இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. மறு ஆண்டே ஹாம்ப்டன் போர்க்களக் காயத்தில் இறந்தார். 1649 ஜனவரி 30 அன்று அரசரின் தலை வெட்டப்பட்டது.

அறிவொளிக் காலத் தத்துவம் என்றாலே பாடப்புத்தகங்கள் ஒரு அட்டவணை போட்டுவிடும்: ஹாப்ஸ் மனிதன் கெட்டவன் என்றார், லாக் நல்லவன் என்றார், ரூஸோ இயற்கைக்குத் திரும்பு என்றார். பரீட்சைக்கு இது போதும். ஆனால் அந்த மூன்று வரியுமே பாதிதான் உண்மை. அவர்களுக்குள் நடந்த சண்டை என்ன என்று பிடிபட வேண்டுமானால், ஹாம்ப்டனின் 20 ஷில்லிங்கைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு நிலம் 'என்னுடையது' ஆவது எப்போது? அரசு வந்து பட்டா கொடுத்த பிறகா, அதற்கு முன்பே அது என்னுடையதுதானா? முதல் பதில் சரியென்றால் கொடுத்தவனுக்கு எடுக்கவும் உரிமை உண்டு. இரண்டாவது சரியென்றால் அரசன் என் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவன்.

இதற்குப் பதில் தேடித்தான் அவர்கள் எல்லோரும் அரசே இல்லாத ஒரு காலத்தைக் கற்பனை செய்தார்கள். அதற்கு 'இயற்கை நிலை' என்று பெயர். அந்தக் கற்பனை மனிதனுக்கு என்ன குணம் கொடுக்கிறோமோ, அதற்கேற்ற அரசுதான் கடைசியில் முளைக்கும்.

பூட்டுப் போடும் மனிதன்

தாமஸ் ஹாப்ஸ் 1588 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். ஸ்பெயினின் பெரும் கடற்படை இங்கிலாந்தைத் தாக்க வருகிறது என்று கேட்ட அதிர்ச்சியில் அம்மாவுக்கு வலி கண்டதாகவும், தானும் அச்சமும் இரட்டைப் பிள்ளைகள் என்றும் அவரே பிற்காலத்தில் கவிதையில் எழுதினார். கப்பல்கள் உண்மையில் வந்தது ஜூலையில். ஏப்ரலில் வந்தது வதந்தி. வதந்திக்கே பிள்ளை பிறந்த கதை என்பதால்தானோ என்னவோ, அச்சம் எப்படி வேலை செய்கிறது என்று அவரைப்போல் அலசியவர் குறைவு.

1640இல் நாடாளுமன்றம் கூடி அரசர் பக்கத்து ஆட்களைத் தேட ஆரம்பித்ததும் ஹாப்ஸ் பாரிஸுக்கு ஓடிவிட்டார். முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன் என்று வெட்கப்படாமல் சொல்லிக்கொண்டவர். 11 ஆண்டு அங்கேயே இருந்தார். அரசரின் மகனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். 1651இல் அவருடைய 'லெவியாத்தன்' நூல் வந்தது.

மனிதன் பிறவிக் கொடியவன் என்று ஹாப்ஸ் அதில் சொல்லவில்லை. மனிதர்கள் ஏறத்தாழச் சமமானவர்கள் என்றுதான் தொடங்குகிறார். எவ்வளவு பெரிய பலசாலியையும், அவன் தூங்கும்போது ஒரு நோஞ்சான் கொன்றுவிட முடியும், இரண்டு பேராகச் சேர்ந்தும் முடியும். இந்தச் சமத்துவம்தான் சிக்கல். யாரும் யாருக்கும் நிரந்தரமாகப் பயந்து அடங்கியிருக்க வேண்டியதில்லை. நான் நல்லவனாகவே இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் எப்படியென்று எனக்குத் தெரியாது. அவன் முந்திக்கொள்வதற்குள் நான் முந்திக்கொள்வதுதான் புத்தி. அவனும் அதையேதான் நினைப்பான். போட்டி, அவநம்பிக்கை, பெருமை என்று சண்டைக்கு மூன்று காரணம் சொல்கிறார். கெட்ட எண்ணம் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு கேள்வி கேட்கிறார். பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறீர்கள். தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறீர்கள். வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறீர்கள். சட்டமும் காவலரும் இருக்கும்போதே இப்படி. அப்படியானால் ஊர்க்காரர்களைப் பற்றி, சொந்தப் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? நான் வாயால் சொல்வதைத்தானே நீங்கள் செயலால் சொல்கிறீர்கள்? பீரோ சாவியை முந்தானையில் முடிந்து வைக்கும் வீட்டில் வளர்ந்த எவரும் இதற்கு உடனே பதில் சொல்லிவிட முடியாது.

அரசில்லாத அந்த நிலையில் உழவு இருக்காது, கப்பலோட்டம் இருக்காது, கலை இருக்காது. வாழ்க்கை தனிமையாக, வறுமையாக, அருவருப்பாக, மிருகத்தனமாக, அற்ப ஆயுசாக இருக்கும். இந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே அத்தியாயத்தில் கொஞ்சம் தள்ளி வருவது: அங்கே 'என்னுடையது', 'உன்னுடையது' என்ற பேச்சே கிடையாது. கைக்கு எட்டியது அவனவனுக்கு, அதுவும் கையில் தக்கவைக்கும் வரைக்கும்தான்.

எனவே ஹாப்ஸ் கணக்கில் அரசு முதல், சொத்து பிறகு. எல்லோரும் தங்கள் ஆயுதத்தை ஒருவரிடம் ஒப்படைத்த பின்தான் வேலி என்பதற்கே அர்த்தம் வருகிறது. என் வேலி உங்களைத் தடுக்கும். அரசரைத் தடுக்காது. குடிமகனின் சொத்தில் அரசருக்கே உரிமை இல்லை என்று சொல்வது நாட்டைச் சிதைக்கும் கோட்பாடுகளில் ஒன்று என்று அவர் பட்டியல் போட்டே எழுதுகிறார். ஹாம்ப்டன் வழக்கில் அந்த 7 நீதிபதிகளுக்கும் கிடைத்த தத்துவத் துணை என்று இதைச் சொல்லலாம், என்ன, 13 ஆண்டு தாமதம்.

ஒன்றே ஒன்றை மட்டும் அரசரிடம் கொடுக்க முடியாது என்கிறார்: உயிர். உயிருக்குப் பயந்துதானே ஒப்பந்தமே போட்டது? ஆகவே நியாயமாகத் தூக்குத்தண்டனை பெற்றவன்கூடத் தன்னைக் கொல்ல வருபவரை எதிர்க்கலாம். அரசரின் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. நாடாளுமன்றத்தாருக்கு மீதியெல்லாம் பிடிக்கவில்லை. பாதிரிமாருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. 1683இல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவர் நூல்களைத் தீயிலிட்டது.

நரிக்குப் பயந்து சிங்கத்திடம்

ஜான் லாக் மருத்துவம் படித்தவர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவாகப் பிற்பாடு பெயரெடுத்த ஆஷ்லி கூப்பருக்குக் கல்லீரலில் கட்டி வந்து உயிருக்கு ஆபத்தானபோது, 1668இல் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து காப்பாற்றியது லாக். 1667இலிருந்தே பிரபு வீட்டோடு தங்கியிருந்தவர், அரசியலிலும் இறங்கினார். பிரபு அரசரை எதிர்த்த அணியின் தலைவர். அணி தோற்றது. 1683இல் லாக் ஹாலந்துக்குத் தப்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆல்ஜெர்னான் சிட்னி என்ற அரசியல்வாதிக்கு மரண தண்டனை நிறைவேறியது. தேசத் துரோக வழக்குக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர்தான் கிடைத்தார். சிட்னி வீட்டு மேசையிலிருந்த கையெழுத்துப் படியையே இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். லாக்கின் மேசையிலும் அதே மாதிரியான காகிதங்கள் இருந்தன.

அவை 'அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகள்' என்ற நூலாக 1689 கடைசியில் வெளிவந்தன, ஆசிரியர் பெயர் இல்லாமல். அரசர் மாறி, ஆபத்து நீங்கிய பிறகும் லாக் ஒத்துக்கொள்ளவில்லை. 1704இல் சாகும் தறுவாயில், உயிலின் பின்னிணைப்பில்தான் ஆமாம், நான் எழுதியது என்றார்.

லாக்கின் இயற்கை நிலையில் மனிதன் கொஞ்சம் பக்குவமானவன். அவனுக்கு அறிவு உண்டு. பிறர் உயிரையும் பொருளையும் கெடுக்கக் கூடாது என்று அந்த அறிவே சொல்லித்தரும். அங்கே சொத்தும் உண்டு. எப்படி வந்தது? கருவாலி மரத்தடியில் விழுந்த கொட்டைகளைப் பொறுக்கித் தின்றவனைப் பார்த்துக் கேட்கிறார்: அவை எப்போது அவனுடையவை ஆயின? செரித்தபோதா, தின்றபோதா, வேகவைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா? பொறுக்கியபோதே ஆகிவிட்டன. அவன் உடம்பு அவனுடையது, உடம்பின் உழைப்பும் அவனுடையது. பொதுவில் கிடந்த பொருளில் உழைப்பைக் கலந்துவிட்டால் பொருளும் அவனுடையது. நிலமும் அப்படித்தான். உழுது, நட்டு, விளைவித்து எவ்வளவு பயன்படுத்துகிறானோ அவ்வளவுக்கு வேலி போடலாம். ஊர்கூடி அனுமதி தர வேண்டியதில்லை.

ஆக வேலி முதல், அரசு பிறகு. அரசு வந்ததே வேலியைக் காக்கத்தான். குடிமக்களின் சம்மதம் இல்லாமல் அரசு ஒரு ஷில்லிங்கைக்கூட எடுக்க முடியாது. ஹாம்ப்டனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைத்திருக்க மாட்டார். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் ஊரில் கேட்பதை லாக் வேறு மிருகங்களை வைத்துக் கேட்கிறார். மரநாயும் நரியும் செய்யும் தொல்லைக்குப் பயந்தவர்கள், சிங்கம் வந்து விழுங்கினால் அது பாதுகாப்பு என்று நினைப்பார்களா? எல்லா அதிகாரத்தையும் ஒருவனிடம் கொடுத்துவிடச் சொல்பவர்களுக்கு இந்தச் சிங்கம்தான் பதில்.

ஒரு சொல்லை மட்டும் கவனிக்க வேண்டும். நமக்குச் சொத்து என்றால் நிலம், வீடு, நகை. லாக் அந்தச் சொல்லுக்குள் உயிர், சுதந்திரம், பொருள் மூன்றையும் வைக்கிறார். 'உடைமை' என்றால் ஓரளவு பொருந்தும். அவர் வெறுமனே பணக்காரரின் வக்கீல் என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்வது இதுதான். ஆனால் எந்த இடத்தில் எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதில் அவரே வழுக்குகிறார், வழுக்கும் ஒவ்வொரு தடவையும் நிலக்காரன் பக்கமே விழுகிறார்.

பாருங்கள். வேலி போடுவதற்கு அவர் இரண்டு வரம்பு வைத்தார். மற்றவர்களுக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிச்சம் வைக்க வேண்டும். அழுகவிடும் அளவுக்கு எடுக்கக் கூடாது. இரண்டும் அருமையான வரம்புகள். அப்புறம் பணம் வருகிறது. வெள்ளியும் தங்கமும் அழுகாது. அதனால் எவ்வளவு சேர்த்தாலும் இரண்டாவது வரம்பு மீறப்படாது. பணத்தை ஏற்றுக்கொண்டதன் மூலம் ஏற்றத்தாழ்வையும் மனிதர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று முடிக்கிறார். நான்கைந்து பத்தியில் கருவாலிக் கொட்டை பொறுக்கியவன் பண்ணையார் ஆகிவிடுகிறான்.

இன்னொரு வரி இருக்கிறது. என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புல்கட்டி, நான் தோண்டிய கனிமம் எல்லாம் என் சொத்து ஆகின்றன என்கிறார். வேலையாள் வெட்டியது எப்படி அய்யா உங்களுடையது ஆயிற்று? உழைப்பைக் கலந்தவன் அவனல்லவா? குதிரைக்கும் வேலையாளுக்கும் நடுவில் ஒரு அரைப்புள்ளிதான் இருக்கிறது.

'அன்றைக்கு உலகம் முழுவதும் அமெரிக்காவாகத்தான் இருந்தது' என்பது லாக்கின் புகழ்பெற்ற வரி. அமெரிக்கப் பழங்குடிகள் இன்னும் இயற்கை நிலையில் இருப்பவர்கள், அவர்கள் நிலம் உழைப்புக் கலக்காத தரிசு என்று பொருள். இங்கிலாந்தின் ஒரு ஏக்கர் 20 புஷல் கோதுமை தருகிறது, அமெரிக்காவின் அதே ஏக்கர் ஆயிரத்தில் ஒரு பங்குப் பயன்கூடத் தருவதில்லை என்று கணக்குப் போடுகிறார். அங்கே மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் ஒன்றாகப் பயிரிட்டுக்கொண்டிருந்த மக்கள் இந்தக் கணக்கில் இல்லை. லாக் இதை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து எழுதியவரும் அல்லர். கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். 1669இல் அந்தக் குடியேற்றத்துக்கு எழுதப்பட்ட சாசனத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. கறுப்பின அடிமைமேல் எஜமானுக்கு முழு அதிகாரம் என்று அது சொல்கிறது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்கும் வாங்கியிருந்தார். 'இரண்டு ஆய்வுரைகள்' நூலின் முதல் வாக்கியமோ, அடிமைத்தனம் எவ்வளவு இழிவானது என்பது.

இந்தியாவுக்கு வந்தால், அரசியலமைப்பில் முதலில் சொத்துரிமை அடிப்படை உரிமையாகவே இருந்தது. நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் அதில் முட்டி முட்டி நின்றன. 1978இல் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இப்போது 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சட்டம் இருந்தால் பறிக்கலாம். ஹாப்ஸ் தலையாட்டியிருப்பார்.

கிழக்கில் வேலியே இல்லையாம்

மோந்தெஸ்கியூ இந்தக் கற்பனைக் கதைகளில் அதிகம் மினக்கெடவில்லை. போர்தோ பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பிரபு. நீதிமன்றத் தலைமைப் பதவியைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்று, பிடிக்காமல் விற்றவர். பிரான்சில் அப்போது பதவியும் சொத்துதான். 1748இல் வந்த 'சட்டங்களின் உள்ளியல்பு' நூலில் அவர் சொன்னது, அதிகாரம் உள்ள எவனும் தடுப்பு வரும் வரைக்கும் போய்க்கொண்டே இருப்பான், எனவே அதிகாரத்தை அதிகாரத்தால்தான் நிறுத்த முடியும் என்று. சட்டம் இயற்றுவது, நிர்வகிப்பது, தீர்ப்பளிப்பது மூன்றையும் பிரித்து வைக்கச் சொன்னார். அமெரிக்க அரசியலமைப்பு இதைப் பின்பற்றியது, பிறகு உலகில் பாதி நாடுகள் பின்பற்றின. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகத் தெரியாத கதை ஒன்று உண்டு. குடியரசு, முடியரசு, கொடுங்கோன்மை என்று அரசுகளைப் பிரித்த அவர், மூன்றாவதற்கு உதாரணம் தேடிக் கிழக்கே பார்த்தார். அங்கெல்லாம் நிலம் முழுக்க அரசனுக்குச் சொந்தம், அதனால் யாரும் எதையும் கட்டுவதில்லை, நடுவதில்லை, நிலத்திலிருந்து உறிஞ்சுவதோடு சரி என்று எழுதினார். முகலாயர் அரசவையில் மருத்துவராக இருந்த பெர்னியே போன்ற பயணிகளின் குறிப்புகள் அவருக்கு ஆதாரம். இதை நேருக்கு நேர் மறுத்தவர் ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர். 1755இல் புதுச்சேரியில் வந்திறங்கி, சில ஆண்டுகள் இந்தியாவில் அலைந்து பாரசீக மொழியும் பார்சிகளின் மறைநூலான அவெஸ்தாவும் படித்தவர். 1778இல் 'கீழைநாட்டுச் சட்டமுறை' என்ற நூலில், துருக்கியிலும் பாரசீகத்திலும் இந்தியாவிலும் எழுதப்பட்ட சட்டம் உண்டு, தனியாருக்குச் சொத்து உண்டு, வாங்குவதும் விற்பதும் உண்டு என்று சான்றுகளோடு வாதாடினார்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. நிலமெல்லாம் பழைய அரசனுடையது என்றால், அரசனை வென்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலமெல்லாம் சொந்தம். சென்னை மாகாணத்தில் இது வெறும் ஏட்டு விவாதமாக இருக்கவில்லை. உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பேசப்படும் தாமஸ் மன்றோ, மலபார்க் கரையைத் தவிர இந்தியாவில் நிலத்தில் தனியுடைமை இருந்ததே இல்லை என்ற கருத்துடையவர். அதை மறுத்தவர் நாம் எல்லீசன் என்று சொல்லும் எல்லிஸ். சென்னை ஆட்சியராக இருந்த அவர், அரசாங்கம் அனுப்பிய 17 கேள்விகளுக்குப் பதிலாக மிராசு பற்றி எழுதிய நூல் 1818இல் அச்சானது. கல்வெட்டு, செப்பேடு, பழைய தமிழ் நூல் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்பது பரம்பரையாக வரும், விற்கவும் அடகு வைக்கவும் கூடிய உரிமை என்றார். ஆங்கெத்திலுக்கு 40 ஆண்டு கழித்துச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சாட்சி கிடைத்தது மாதிரி.

ஆனால் அந்தக் காணியாட்சிக்காரர்கள் பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். ஏர் பிடித்தவர்கள், சேற்றில் நின்றவர்கள் பெரும்பாலும் பறையர். லாக்கின் வேலையாள் வெட்டிய புல்கட்டி இங்கேயும் வேறொருவர் கணக்கில்தான் சேர்ந்தது.

ரிப்பன் திருடியவர்

ழான் ழாக் ரூஸோ மற்றவர்கள் மாதிரி பிரபு வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுத வந்தவர் இல்லை. ஜெனிவாவில் கடிகாரம் செய்பவரின் மகன். 15 வயதில் ஊரைவிட்டு ஓடி, துரின் நகரில் ஒரு சீமாட்டி வீட்டில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே ஒரு பழைய ரிப்பனைத் திருடி மாட்டிக்கொண்டு, சமையல்காரப் பெண் மரியோன்தான் கொடுத்தாள் என்று பழியைப் போட்டார். இருவருக்கும் வேலை போனது. 40 ஆண்டு கழித்தும் அது உறுத்தியதாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதுகிறார். சொத்து, வெட்கம், பொய், பலவீனமான ஆள்மேல் பழி ஆகிய நான்கையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1755இல் வந்த அவருடைய 'ஏற்றத்தாழ்வின் தோற்றம்' உரையின் இரண்டாம் பகுதி இப்படித் தொடங்கும்: ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போட்டு, 'இது என்னுடையது' என்று சொல்லத் தோன்றி, அதை நம்பும் அளவுக்கு அப்பாவிகளையும் கண்டுபிடித்த முதல் மனிதன்தான் நாகரிகச் சமூகத்தை நிறுவியவன். அந்த வேலியைப் பிடுங்கி எறிந்து, 'இந்த ஏமாற்றுக்காரனை நம்பாதீர்கள், விளைச்சல் எல்லோருக்கும், நிலம் யாருக்கும் இல்லை' என்று ஒருவன் கத்தியிருந்தால் எத்தனை போர், எத்தனை கொலை இல்லாமல் போயிருக்கும்!

பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் தன் பிரதியின் ஓரத்தில், பணக்காரனை ஏழை கொள்ளையடிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பரதேசியின் தத்துவம் இது என்று கிறுக்கினார். ரூஸோவுக்கு எழுதிய கடிதத்தில், மனித குலத்துக்கு எதிரான உங்கள் புதிய நூல் கிடைத்தது, படித்தால் நாலு காலில் நடக்க ஆசை வருகிறது என்று கிண்டலடித்தார். சில ஆண்டுகளில் வோல்ட்டேர் ஃபெர்னேயில் பெரிய பண்ணையே வாங்கினார்.

ரூஸோவின் இயற்கை மனிதன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. காட்டில் தனியே திரிபவன். தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வு உண்டு, பிறர் வலியைப் பார்த்தால் கூசும் மனம் உண்டு. அவ்வளவுதான். ஹாப்ஸ் தன் காலத்து லண்டன்காரனைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, இவன்தான் இயற்கை மனிதன் என்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு இந்தக் குற்றச்சாட்டு சரியென்றே படுகிறது. பூட்டுப் போடுகிறாயே என்று ஹாப்ஸ் கேட்டதற்கு ரூஸோ, பூட்ட ஒரு பெட்டி இருப்பதால்தானே பூட்டுகிறேன் என்பார்.

கெடுதல் எங்கே தொடங்கியது என்று ரூஸோ காட்டும் இடம் அழகானது. குடிசை போட்டுச் சேர்ந்து வாழ ஆரம்பித்தவர்கள் ஒரு மரத்தடியில் கூடி ஆடிப்பாடுகிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்க்கிறார்கள், தானும் பார்க்கப்பட வேண்டும் என்று விரும்புகிறார்கள். நன்றாக ஆடுபவன், அழகானவன், பேச்சுத் திறமை உள்ளவனுக்கு மதிப்பு ஏறுகிறது. தன்னைக் காக்கும் உணர்வு, தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் புழுங்கும் உணர்வாக மாறியது அங்கேதான். அப்புறம் இரும்பும் தானியமும் வந்தன, நிலம் பங்கானது, ஒருவனுக்கு இருவர் சோறு இருந்தால் லாபம் என்று தெரிந்தது. சண்டை ஓயாமல் போனபோது பணக்காரன் ஒரு யோசனை சொன்னான்: வாருங்கள், ஒன்று சேர்வோம், பலவீனரைக் காப்போம், அவரவர் பொருள் அவரவருக்கே என்று சட்டம் செய்வோம். சுதந்திரம் உறுதியாகிறது என்று நம்பி எல்லோரும் கைவிலங்கை நோக்கி ஓடினார்கள். லாக் சொன்ன அதே ஒப்பந்தம்தான், கையெழுத்து வாங்கியவன் யார் என்று ரூஸோ திரும்பிப் பார்க்கிறார்.

இதோடு நிறுத்தியிருந்தால் ரூஸோ எளிதாகப் புரிந்திருப்பார். ஆனால் அதே 1755இல், தீதரோவின் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், குடிமக்கள் உரிமைகளில் சொத்துரிமையே மிகப் புனிதமானது, சில வகையில் சுதந்திரத்தைவிடவும் முக்கியம் என்கிறார்! முரண்பாடா? ஆமாம். சமாளிக்க ஒரு வழிதான் இருக்கிறது. இனி காட்டுக்குத் திரும்ப முடியாது என்று அவருக்கே தெரியும், திரும்பு என்று அவர் எங்கும் சொல்லவும் இல்லை. வேலி இருக்கத்தான் போகிறது என்றால் அதை எல்லோரும் கூடி முடிவு செய்யட்டும் என்பது 1762இல் வந்த 'சமூக ஒப்பந்தம்'. ஒருவன் இன்னொருவனை விலைக்கு வாங்கும் அளவுக்குப் பணக்காரனாகவும், தன்னையே விற்கும் அளவுக்கு ஏழையாகவும் யாரும் இருக்கக் கூடாது என்பது அதில் அவர் வைத்த அளவுகோல். பொது விருப்பத்துக்குக் கட்டுப்படாதவனைக் கட்டாயப்படுத்திச் சுதந்திரமாக்கலாம் என்ற பயங்கரமான வாக்கியமும் அதில்தான் இருக்கிறது. அந்த ஆண்டே பாரிஸிலும் ஜெனிவாவிலும் அவர் நூல்கள் எரிந்தன.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்த ஒப்பந்தக் கதையே பிடிக்கவில்லை. டேவிட் ஹியூம் சொன்னார்: தூங்கிக்கொண்டிருந்தவனைக் கப்பலில் தூக்கிப்போட்டு, நடுக்கடலில் எழுந்ததும், இறங்காமல் இருக்கிறாயே, அப்படியானால் கேப்டனுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டாய் என்பது மாதிரி இருக்கிறது உங்கள் ஒப்பந்தம். வேலியும் அரசும் யாரும் திட்டமிடாமல், ஒரு படகில் இருவர் பேசிக்கொள்ளாமலே சேர்ந்து துடுப்புப் போடுவதுபோல, பழகிப் பழகி வந்தவை என்றார். அவர் நண்பர் ஆடம் ஸ்மித் 1776இல் இன்னும் பச்சையாகப் போட்டு உடைத்தார்: சொத்தைப் பாதுகாக்க ஏற்பட்ட அளவில், அரசு என்பது ஏழைகளிடமிருந்து பணக்காரர்களைக் காக்க ஏற்பட்டதே. ரூஸோ சொன்னால் கலகம், ஸ்மித் சொன்னால் பொருளாதாரம்.

யாருடைய உடம்பு

ஒவ்வொருவனுக்கும் அவன் உடம்பு சொந்தம் என்ற லாக்கின் வரியில் அந்த 'அவன்' யார்? லாக் இறந்து இரண்டே ஆண்டில், 1706இல், கேள்வி வந்தது. ஆண்கள் எல்லோரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்றால், பெண்கள் எல்லோரும் அடிமையாகப் பிறந்தது எப்படி என்று மேரி ஆஸ்டெல் என்ற ஆங்கில எழுத்தாளர் கேட்டார். இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் நகையும் பணமும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனைச் சேரும். 1882இல்தான் அது முழுமையாக மாறியது. ரூஸோவோ பெண்ணை ஆணுக்குப் பிடித்தமாதிரி வளர்க்க வேண்டும் என்றவர். 1792இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

அடுத்த கேள்வி கரீபியனிலிருந்து வந்தது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனம், மனிதர்கள் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்று முதல் பிரிவில் சொன்னது. கடைசியான 17ஆவது பிரிவில், சொத்து மீற முடியாத புனித உரிமை, பொதுத் தேவைக்காக எடுத்தாலும் முன்கூட்டியே நியாயமான ஈடு தர வேண்டும் என்றது. பிரான்சின் குடியேற்றமான சான் தொமாங்கில் அப்போது ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள். அவர்கள் முதல் பிரிவின்படி மனிதர்களா, 17ஆவது பிரிவின்படி சொத்தா? தோட்ட முதலாளிகள் 17ஐப் பிடித்துக்கொண்டார்கள். 1791இல் அடிமைகள் எழுந்தார்கள். 1794இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவந்தார். 1804இல் சான் தொமாங் போரிட்டு வென்று ஹெய்ட்டி ஆனது.

பிரிட்டன் 1833இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்ட் ஈடு கொடுத்தது, எஜமானர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. ஹெய்ட்டியில் இதையும் மிஞ்சியது. 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நிற்க, பழைய முதலாளிகளின் இழப்புக்காக 15 கோடி பிராங்க் கொடுத்தால்தான் உங்களைத் தனி நாடாக ஏற்போம் என்று பிரான்சின் அரசர் எழுதியனுப்பினார். பிறகு அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணை 3 கோடி பிராங்க். அவ்வளவு பணம் கையில் இல்லாததால், ஹெய்ட்டி அதைப் பாரிஸ் வங்கிக்காரர்களிடமே வட்டிக்கு வாங்கிக் கட்டியது.